நாலாவது கம்பி

யுத்த காலத்தில் நான் சின்னமனூரில் லைன்மேனாக இருந்தேன். ஊருக்குக் கரண்டு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு தனியார் கம்பெனி மின்சாரத்தை மொத்தமாக வாங்கி எங்கள் பக்கத்து ஊர்களுக்கு விநியோகம் செய்தது. அதன் கிளை ஆபீஸில் ஒரு சூப்பர்வைசர், ஒரு குமாஸ்தா, இரண்டு லைன்மேன்கள், கம்பம் நடவும் ஏணி தூக்கவும் கொஞ்சம் கூலியாட்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மதுரையில் தொழிற்பள்ளியில் வயரிங் படித்துச் சர்டிபிகேட் வாங்கியிருந்தேன். கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டிய வேலை எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கர்வம் இருந்தது. அதை இப்போது மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் அரிசி மில்லிலிருந்து ஆள் வந்தது. மோட்டார் சுடுகிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். மில் ஊரின் கீழ்க்கோடியில், கால்வாயையும் கீழத்தெருவையும் தாண்டி, எங்கள் லைனின் கடைசிக் கம்பத்தில் இருந்தது. ரேஷன் வந்த பிறகு சுற்றுப்பட்ட ஊர்களின் நெல்லெல்லாம் அங்கேதான் அரைபட்டது. காலையில் ஓட ஆரம்பித்தால் விளக்கு வைத்து வெகுநேரம் வரை ஓடும்.

மோட்டாரை ஓட்டுகிறவரை அப்போது டிரைவர் என்றுதான் சொல்வார்கள். அந்த மில் டிரைவருக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதல். சின்னமனூருக்கு மேற்கே ஒரு கிராமத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. நிலம் போதாமல் மில்லுக்கு வந்தவர். அதிகம் பேச மாட்டார். அவரிடம் தெர்மாமீட்டர் கிடையாது. அரைமணிக்கு ஒருதரம் மோட்டாரின் மேல் வலது உள்ளங்கையை வைத்து, ஒன்று இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவார். எத்தனை எண்ணும் வரை கை பொறுக்கிறது என்பதுதான் அவருடைய அளவு.

"பகல்ல ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். "நாப்பது எண்ணுற வரைக்கும் கைய வச்சிருக்கலாம். வெளக்கு வைக்கிற நேரம் ஆச்சுண்டா பதினஞ்சுக்கு மேல தாங்கல. சத்தமும் வேற மாதிரி வருது."

"எப்பிடிண்ணே?"

"மொனங்குது. ஒடம்புக்கு முடியாதவுக மொனங்குறாப்புல."

நான் காத்திருந்து கேட்டேன். சாயங்காலம் ஊரில் விளக்குகள் ஏற ஏற அந்த முனகல் கேட்க ஆரம்பித்தது. அதோடு ஒரு வாசனையும் வந்தது. மோட்டாருக்குள் கம்பிச் சுற்றுகளுக்குப் பூசியிருக்கும் வார்னிஷ் வேகிற வாசனை. ஒரு தரம் முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது. அந்த வாசனை வந்த மோட்டார் பிழைப்பது அபூர்வம். யுத்த காலத்தில் செம்பு கிடைக்காது. எரிந்துபோனால் மறுபடி கம்பி சுற்ற வழியில்லை. மில் நின்றால் பல ஊர்களுக்கு அரிசி இல்லை.

மறுநாள் சாயங்காலம் வோல்ட்மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் கிளைக்கே ஒரு வோல்ட்மீட்டர்தான். மரப்பெட்டிக்குள், தோல்வார் போட்டது. மோட்டாருக்கு மூன்று கம்பிகளில் கரண்டு வரும். அந்த மூன்றில் எந்த இரண்டுக்கு நடுவே அளந்தாலும் ஒரே வோல்டேஜ் இருக்க வேண்டும். அங்கே ஒரு ஜோடியில் நானூற்று ஒன்று இருந்தது. அடுத்ததில் முந்நூற்றுத் தொண்ணூற்று இரண்டு. மூன்றாவதில் முந்நூற்று அறுபத்தாறு.

நோட்டில் கணக்குப் போட்டேன். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் முந்நூற்று எண்பத்தாறு. அந்தச் சராசரியிலிருந்து எல்லாவற்றிலும் அதிகமாக விலகி நிற்பது மூன்றாவது ஜோடி. இருபது வோல்ட் விலகல். நூற்றுக்கு ஐந்துக்கு மேல். நான் இதைக் 'கோணல்' என்று சொல்வேன். வோல்டேஜ் நூற்றுக்கு ஐந்து கோணினால் மோட்டாருக்குள் ஓடும் கரண்டு அதைப்போலப் பல மடங்கு கோணும். ஒரு சுற்று கொதிக்கும், மற்றது சும்மா இருக்கும். டிரைவரின் கை அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. எங்கள் லைனில் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. மேலே மூன்று, அடியில் நியூட்ரல் என்கிற நாலாவது கம்பி. வீட்டு விளக்குக்கு மேல் மூன்றில் ஏதாவது ஒன்றும் நியூட்ரலும் போதும். இணைப்புக் கொடுத்த ஆட்கள் ஏணியில் அதிகம் ஏறச் சோம்பல்பட்டு, நியூட்ரலுக்கு அடுத்து மேலே இருந்த கம்பியிலேயே வீட்டுக்கு வீடு வயரைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கீழத்தெருவில் கிட்டத்தட்ட அத்தனை வீடும் அந்த ஒரே கம்பியில் தொங்கியது. மேலே இரண்டும் அநேகமாகச் சும்மா கிடந்தன.

சூப்பர்வைசர் மதுரைக்காரர். நான் கொண்டுபோன நோட்டை அவர் தொடவில்லை.

"லைட் எரியுதா, இல்லியா?"

"எரியுது சார்."

"அப்புறம் என்னய்யா?"

மில் மோட்டார் எரிந்தால் தாசில்தார் கேட்பார் என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, மாத்து. ஆனா ஒரு முழம் கம்பிகூட என்கிட்டக் கேக்காத" என்றார்.

ஆடி மாதம் பிறந்து பள்ளத்தாக்கில் காற்று அடிக்க ஆரம்பித்திருந்தது. ஏணியைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மூன்று நாள் வேலை. கீழத்தெருவில் ஒரு வரிசை வீடுகளைப் பழைய கம்பியிலேயே விட்டேன். அதற்கு எதிரே, பெண்கள் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியை குடியிருந்த வரிசையை மட்டும் உச்சிக் கம்பிக்கு மாற்றினேன். கடைத்தெருவில் சிலதை நடுக் கம்பிக்குத் தள்ளினேன். நாலாம் நாள் சாயங்காலம் மில்லில் அளந்தபோது மூன்று ஜோடிகளும் நாலைந்து வோல்ட் வித்தியாசத்துக்குள் வந்து நின்றன. கோணல் நூற்றுக்கு ஒன்று.

டிரைவர் மோட்டாரில் கையை வைத்து எண்ணினார். முப்பத்தைந்தில் எடுத்தார். "போதும் தம்பி. ஆளு எந்திரிச்சு உக்காந்திட்டான்" என்றார். மில் முதலாளி ஒரு வாழைத்தாரை என் சைக்கிளில் கட்டச் சொன்னார். சூப்பர்வைசர் தன் பெயரில் மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதினார். எனக்கு அதுகூட வருத்தமில்லை. வீட்டில் என் மனைவியிடம், ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு மோட்டாரைப் பிழைக்க வைத்தேன் என்று சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமை ஆசிரியை ஆபீஸுக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தனியாகக் குடியிருந்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் விளக்கடியில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துகிறவர்.

"எங்க வீட்டு வெளக்கு சரியில்ல" என்றார்.

"மங்குதாம்மா?"

"மங்கல. கூடுது."

குமாஸ்தா சிரித்துவிட்டான். வெளிச்சம் கூடுகிறது என்று அதுவரை யாரும் புகார் கொடுத்ததில்லை. அந்த அம்மாள் அவன் பக்கம் திரும்பாமல் என்னிடமே சொன்னார். "எதிர்வரிசையில வெளக்குப் போடப் போட எங்க வரிசையில வெளிச்சம் ஏறுது. அவுக அணைச்சாகன்னா எனக்கு எறங்குது. பத்து நாள்ல ரெண்டு பல்பு போயிருச்சு."

"யுத்தக் காலத்துப் பல்பும்மா. சரக்கு மட்டம்."

"முன்னாடி இப்பிடி இல்ல. நீங்க ஏணி போட்டு மாத்துன பெறகுதான்."

அந்தச் சொல் என்னைக் குத்தியது. நான் அளந்து பார்த்திருக்கிறேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். அவர் கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். "ஏழு நாள் குறிச்சு வச்சிருக்கேன். எந்த நேரத்துல எப்பிடி எரிஞ்சதுன்னு. பாத்துட்டுச் சொல்லுங்க." நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் போன பிறகு குமாஸ்தா மறுபடி சிரித்தான். நானும் கூடச் சிரித்தேன். காகிதத்தைப் பிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் நடந்தன. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை.

மில்லில் ஒரு நாய் இருந்தது. சாரல் நாட்களில் மோட்டாரின் கதகதப்புக்காக அதன் அடிப்பீடத்தை ஒட்டிப் படுத்துக் கிடக்கும். அது திடீரென்று உள்ளே வருவதை நிறுத்தியது. நனைந்தாலும் வாசலிலேயே நின்றது. சோற்றை உள்ளே வைத்தால் பட்டினி கிடந்தது.

ஒருநாள் கால்வாய்ப் பாலத்தில் சைக்கிளில் போகும்போது தலைக்கு மேலே எண்ணெயில் எதையோ போட்டதுபோல் பொரிகிற சத்தம் கேட்டது. சைக்கிளை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன். மேலே மூன்று கம்பிகளும் நன்றாக இருந்தன. காற்று அடங்கியதும் சத்தம் நின்றது. நானும் போய்விட்டேன்.

ஆடிக் கடைசியில் டிரைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போனபோது மோட்டாரைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோட்டாரு கடிக்குது தம்பி."

"கடிக்குதா?"

"மெதுவாத்தான். சித்தெறும்பு கடிக்குமே, அந்த மாதிரி. எல்லா நேரமும் இல்ல. வெளக்கு வச்ச பெறகு."

நான் மோட்டாரின் மேல் கையை வைத்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. நான் டயர் செருப்புப் போட்டிருந்தேன். அவர் வெறுங்காலில் நின்றார். அடுத்த கொட்டகையில் நெல் அவித்து இறக்குவார்கள். அந்த ஈரம் மோட்டார் அறைத் தரையில் எப்போதும் ஊறிக் கிடக்கும். வோல்ட்மீட்டரை எடுத்து மூன்று ஜோடிகளையும் அளந்தேன். போன தடவை போலவே சமமாக இருந்தது.

"ஈரத்துல அப்பிடித் தோணும்ணே. மீட்டர்ல ஒரு கோளாறும் இல்ல."

"நீங்க சொன்னாச் சரி" என்றார். உடனே, எனக்கு முன்னாலேயே, மோட்டாரில் கையை வைத்து எண்ணிக் காட்டினார். என் வார்த்தையை நம்புகிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கீழத்தெரு எதிர்வரிசையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மதுரையிலிருந்து கலர் பல்புச் சரங்களை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். சூப்பர்வைசர் அனுமதி கொடுத்துவிட்டுக் கம்பம் ஊர் ஆபீஸுக்குப் போய்விட்டார். மத்தியானம் நான்தான் ஏணி வைத்து, எதிர்வரிசைக் கம்பியிலிருந்து பந்தலுக்கு இணைப்புக் கொடுத்தேன். சாயங்காலம் ஆறரைக்கு முதல் சரத்தை ஏற்றச் சொல்லிவிட்டுத் தெருவில் நின்று பார்த்தேன். விளக்குகள் எரிந்தன. ஆனால் நான் எதிர்பார்த்த வெளிச்சம் இல்லை.

"வயர்மேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தலைமை ஆசிரியை தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "உள்ள வாங்க. இப்பப் பாருங்க."

உள்ளே மேஜைமேல் நோட்டுகள் அடுக்கியிருந்தன. மேலே தொங்கிய பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது. சாதாரணப் பல்பு அப்படி எரியாது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிரே பந்தலில் இரண்டாவது சரத்தை ஏற்றினார்கள். பல்பின் வெள்ளை நீலமாக மாறியது. அதை நேராகப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் வழியே எதிரே பார்த்தேன். கல்யாண வீட்டுப் பல்புகள் அத்தனையும் சிவந்து, உள்ளிருக்கும் இழை மட்டும் தெரியும்படி மங்கிக் கிடந்தன. பந்தலில் யாரோ கத்தினார்கள்.

"இதத்தான் நான் எழுதிக் குடுத்தேன்" என்றார் அந்த அம்மாள், சத்தம் போடாமல்.

பல்பு வெடித்தது. கண்ணாடி நோட்டுகளின் மேல் விழுந்தது.

அந்த இருட்டில்தான் எனக்குப் புரிந்தது. மேலே மூன்று கம்பிகளை மட்டும் மாற்றி மாற்றி அளந்தேன். நாலாவதை அளக்கவே இல்லை. நியூட்ரல் சரியாக இருந்தால் ஒரு வரிசையில் எத்தனை விளக்குப் போட்டாலும் அடுத்த வரிசை ஏறாது. அது எங்கோ விட்டுவிட்டால், இரண்டு வரிசைகளும் ஒன்றை ஒன்று இழுக்கத் தொடங்கும். சுமை கூடுதலாக உள்ள வரிசை மங்கும், குறைந்த வரிசை வெடிக்கும். மூன்று கம்பிகளுக்கு நடுவே நான் பார்த்த அளவில் இது எதுவும் தெரியாது. அந்த அளவு கடைசிவரை சமமாகவே இருக்கும். முன்பு எல்லா வீடும் ஒரே கம்பியில் இருந்ததால் நியூட்ரலின் பலவீனம் வெறும் மங்கலாகத்தான் தெரிந்தது. ஒரு வரிசையை வேறு கம்பிக்கு மாற்றி, அந்தப் பலவீனத்தை வெடிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்தவன் நான்.

அடுத்த நினைவு மில்லைப் பற்றி வந்தது. மோட்டாரின் உடம்பைப் பூமியோடு இணைக்கச் செம்புத் தகடு புதைக்க வேண்டும். தகடு கிடைக்கவில்லை என்று மில்லுக்கு வயரிங் செய்த காண்டிராக்டர் அந்த இணைப்பை நியூட்ரலிலேயே கட்டியிருந்தார். எனக்கு அது தெரியும். நியூட்ரல் அறுந்தால் அதில் ஏறுகிற கரண்டு நேராக மோட்டாரின் உடம்புக்கு வரும். சித்தெறும்பு கடித்தது அதனால்தான்.

மணி ஏழை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு டிரைவர் மோட்டாரில் கை வைப்பார்.

மில் கிழக்கே அரை மைல். டிரான்ஸ்பார்மர் மேற்கே கால் மைல். மில்லுக்கு ஓடி மோட்டாரை நிறுத்தினாலும் அதன் உடம்பில் ஏறிய கரண்டு போகாது. அது வருகிற வழியே வேறு. டிரான்ஸ்பார்மரில் அறுத்தால்தான் போகும். அந்தப் பியூஸ் பெட்டியின் சாவி கம்பத்துக்குப் போன சூப்பர்வைசரிடம் இருந்தது. எழுத்து மூலம் உத்தரவில்லாமல் ஊருக்குக் கரண்டை நிறுத்தினால் வேலை போகும். யுத்தச் சமயத்தில் அதற்கு மேலும் ஏதாவது வரலாம். இதையெல்லாம் நான் சைக்கிளில் ஏறிய பிறகுதான் நினைத்தேன். சைக்கிள் மேற்கே போய்க்கொண்டிருந்தது.

கல்லால் பூட்டை அடித்தேன். ஐந்தாறு அடிக்குப் பிறகு கொண்டி கழன்றது. முதல் பியூஸைப் பிடுங்கினேன். பிறகு இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதோடு ஊர் முழுக்க இருண்டது. கல்யாண வீட்டிலிருந்து நாதஸ்வரம் பாதியில் நின்றது கேட்டது.

மறுபடி கிழக்கே திரும்பினேன். கால்வாய்ப் பாலம் தாண்டியதும் கீழத்தெருவில் ஜனங்கள் வெளியே நின்றார்கள். யாரோ என் சைக்கிளைப் பிடித்து, "ஏலே, கரண்ட எவன் நிறுத்துனது?" என்றான். நான் அவன் கையைத் தட்டிவிட்டுப் போனேன். தெருக்கோடியைத் தாண்டியதும் மில் ஒரே இருட்டாக இருந்தது. மோட்டார் சத்தம் இல்லை.

உள்ளே ஒரு அரிக்கன் விளக்கு. டிரைவரைச் சாக்குகளின்மேல் கிடத்தியிருந்தார்கள். சுற்றி நின்றவர்களில் மூட்டை தூக்குகிற ஒருவன் என்னிடம் சொன்னான்.

"எப்பவும் போலக் கைய வச்சாக. ஒண்ணு, ரெண்டுண்டு எண்ணுனாக. நாலு வரைக்கும் காதுல விழுந்துச்சு. அதுக்குப் பெறகு எண்ணல. கையவும் எடுக்கல. கூப்பிட்டாத் திரும்பல. கண்ணு மட்டும் எங்களயே பாத்துச்சு. தொடப் போனவனைத் தூக்கி அங்கன எறிஞ்சிருச்சு. மோட்டார நிறுத்துனோம், அப்பவும் விடல. லைட்டு போகவுந்தான் கீழ விழுந்தாக."

அவர் மூச்சு வந்துகொண்டிருந்தது. நான் அருகில் உட்கார்ந்து வலது கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை வெளுத்து, நடுவில் கருகியிருந்தது. ரத்தம் இல்லை. வெகுநேரம் கழித்து அவர் கண் என் முகத்தில் நின்றது.

"ஒங்க கணக்குல இது வரலையா தம்பி?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நான் அத அளக்கலண்ணே" என்றேன்.

வண்டி பூட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிருக்குப் பயமில்லை என்றார்கள்.

பொழுது விடிந்ததும் கால்வாய்க் கரைக் கம்பத்தில் ஏறினேன். அடியில் ஓடிய நியூட்ரல் கம்பி அங்கே இரண்டு வருஷத்துக்கு முன்னால் மரம் விழுந்து அறுந்திருந்தது. செம்புக் கம்பி கிடைக்காமல் ஒரு துண்டு இரும்புக் கம்பியை வைத்து முறுக்கிச் சேர்த்தார்கள். சேர்த்தவன் நான்தான். செம்பும் இரும்பும் தொட்ட இடத்தில் கால்வாய் ஈரம் பட்டு ஒருபக்கம் பச்சை பூத்து, மறுபக்கம் துரு தின்று, நூலளவு மிச்சமிருந்தது. முந்தின சாயங்காலத்துச் சுமையில் அதுவும் எரிந்துபோயிருந்தது. நான் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. பாலத்தில் நின்று நிமிர்ந்து பார்த்த அன்று, இந்த முடிச்சு என் தலைக்கு நேர் மேலே இருந்திருக்கிறது.

மறு வாரம் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு இன்ஜினியர் விசாரணைக்கு வந்தார். அதற்கு முந்தின நாள் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "காண்டிராக்டர் வயரிங் தப்பு, காத்துல கம்பி அறுந்துச்சு, அவ்வளவுதான். உன் பேரு இதுல வரவேண்டாம்" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

யாரும் கூப்பிடாமலே தலைமை ஆசிரியை விசாரணைக்கு வந்தார். தான் எழுதிக் கொடுத்ததின் நகலை வைத்திருந்தார். இன்ஜினியர் அதை வாங்கி, நின்றபடியே இரண்டு தரம் படித்தார். நேரம், எதிர்வரிசையில் எத்தனை விளக்கு, தன் வீட்டில் வெளிச்சம் ஏறியதா இறங்கியதா என்று ஏழு நாளைக்கும் வரிசையாக எழுதியிருந்தார். மீட்டர் இல்லாமல் ஒரு மனுஷி அந்தக் கோணலை அளந்திருந்தார். முடிவில் ஒரே ஒரு வரி: இரண்டு வரிசைக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

"இதை உன்கிட்டக் குடுத்தாங்களா?" என்று இன்ஜினியர் என்னைக் கேட்டார்.

"குடுத்தாக சார்."

"படிச்சியா?"

அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். சட்டைப் பையில வச்சேன். சட்டை வெளுப்புக்குப் போயிருச்சு." பிறகு மிச்சத்தையும் சொன்னேன். மூன்று கம்பிகளை மட்டும் அளந்ததையும், கால்வாய்க் கரை முடிச்சு நான் போட்டது என்பதையும், மோட்டார் கடிக்கிறது என்று சொன்னவரிடம் ஈரம் என்று சொன்னதையும். சூப்பர்வைசர் பேனாவை மூடி வைத்தார்.

பூட்டை உடைத்ததற்கு என்னைத் தண்டிக்கவில்லை. மற்றதற்குச் சம்பள உயர்வை நிறுத்திக் கம்பம் ஊருக்கு மாற்றினார்கள். மில்லில் தனியாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டிப் பூமி இணைப்புப் போட்டார்கள். அந்தக் குழியை வெட்ட நானும் கூட நின்றேன். அதற்குப் பிறகு எந்த ஊரில் கோணல் பார்க்கப் போனாலும் ஆறு அளவு எடுப்பேன். மூன்று கம்பிகளுக்கு நடுவே மூன்று. ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மூன்று. அதற்கும் முன்னால் தெருவில் இருக்கிற பெண்களிடம் போய், விளக்கு எப்படி எரிகிறது என்று கேட்பேன். சில வீடுகளில் என்னைக் கேலி செய்தார்கள்.

தை மாதம் மில் டிரைவரைப் பார்க்கப் போனேன். மேகமலையில் ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகைக்குக் காவலாகச் சேர்ந்திருந்தார். சின்னமனூரிலிருந்து சரக்கு லாரியில் ஏறி, கல்லும் பள்ளமுமான பாதையில் அரைநாள் போனேன். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார், இடது கையால். வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. உள்ளங்கைத் தோல் பளபளவென்று இருந்தது.

கடுங்காப்பி கொடுத்தார். கொதிக்கக் கொதிக்க இருந்த டம்ளரைத் துணி சுற்றாமல் வலது கையில் ஏந்திக்கொண்டு வந்தார். சூடு தெரியவில்லை அவருக்கு. அவருடைய மனைவி உள்ளிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்து அதை வாங்கிக் கீழே வைத்தாள். என் பக்கம் திரும்பாமல் மறுபடி உள்ளே போனாள்.

"இங்கன கரண்டு இல்ல" என்றார் அவர். "அதுக்குத்தான் வந்தேன். மண்ணெண்ண வெளக்குதான். அதுவும் இருட்டுன பெறகு கொஞ்ச நேரம்."

மில்லில் குழி தோண்டியதைச் சொன்னேன். விசாரணையில் நான் சொன்னதைச் சொன்னேன். எல்லாவற்றையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் அத்தனை தூரம் போயிருந்தேன். அவர் திட்டவில்லை. மலையில் மழை எப்படி, ஏலக்காய் இந்த வருஷம் எப்படி என்று பேசினார். லாரி திரும்புகிற நேரம் வந்ததும் பாதை வரைக்கும் கூட வந்தார்.

"இனிமே வர வேணாம் தம்பி" என்றார். "மனசுல ஒண்ணும் இல்ல. ஒங்களப் பாத்தா அந்த நேரம் திரும்ப வந்துருது. நாலுக்கு மேல எண்ண முடியாம நிண்டேன் பாருங்க, அது."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் திரும்பி லயத்தை நோக்கி நடந்தார். அதற்குப் பிறகு நான் மேகமலைக்குப் போகவில்லை.